நூற்றுக்கு நாற்பத்து நான்கு

எங்கள் கம்பளி ஆலையில் நூறு கிலோ ஆட்டுமுடி உள்ளே போனால் ஐம்பத்தாறு கிலோதான் வெளியே வரும். மிச்சம் நாற்பத்து நான்கு கிலோ மண், புழுக்கை, ஆட்டின் எண்ணெய், வியர்வை. எல்லாம் வெந்நீரோடு போய்விடும். அது இயல்பான இழப்பு. யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கான செலவையும் மிஞ்சிய கம்பளியே சுமந்துகொள்ளும். நாற்பத்து நான்கைத் தாண்டினால்தான் வம்பு. தாண்டியதைத் தனியாகச் சிவப்புத் தாளில், காரணத்தோடும் ஒரு ஆளின் பெயரோடும் எழுத வேண்டும். எழுதுகிறவள் நான். தொக்மோக் நகரத்து இந்த ஆலையில் இருபத்தாறு வருஷமாக அதுதான் என் வேலை.

அந்த இலையுதிர் காலத்தில் நாலு டன் முடி போட்டோம். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ வர வேண்டும். வந்தது இரண்டாயிரத்து நூற்று அறுபது.

"எண்பது கிலோ எங்கேடி?" என்றேன் கலிச்சாவிடம். அவள் கழுவுமிடத்தின் தலைவி. நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், மதியத்தில் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறவர்கள்.

"என்னைக் கேக்காத. ஒரோஸ்பாயைக் கேளு. உலர்த்துற அடுப்பை நரகமாக்கி வெச்சிருந்தான். முடி சருகாக் காஞ்சுடுச்சு. ஈரம் போனா எடையும் போகும். இதுகூடவா தெரியாது உனக்கு?"

ஒரோஸ்பாயைக் கூப்பிட்டேன்.

"எப்பவும் வைக்கிற சூடுதான் வெச்சேன் அக்கா."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"அடுப்பு பாத்துச்சு. அதுக்கு வாய் இல்ல."

"விளையாடாத. வசந்தத்துல ஒரு தடவ உன் பேரு சிவப்புத் தாள்ல வந்தாச்சு."

"தெரியும் அக்கா. ரெண்டாவது தடவ வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல பேசுறதுக்குச் சுவரு மட்டுந்தான் இருக்கு. அதுக்கு உங்க திட்டே தேவல."

நான் கலிச்சாவை நம்பினேன். உண்மையைச் சொன்னால், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். அப்போது அவன் கதவருகே நின்று சொன்னான்.

"ஒரு பொதியை மட்டும் பிரிச்சு விரிச்சுப் போடுங்க அக்கா. நான் தண்ணிய எடுத்திருந்தா, காத்து அதைத் திருப்பிக் குடுக்கும்."

அவன் சொன்னது சரிதான். அளவுக்கு மீறிக் காய்ந்த கம்பளியைக் கொட்டகையில் விரித்துப் போட்டால் மூன்று நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை ஏறும்.

"வேலை கெட்டவன் சொல்றான், கணக்குக்காரி கேக்குறா!" என்று கலிச்சா கையைத் தட்டினாள். "முடிய விரிக்கிறேன்னு போய் முதுகப் பிடிச்சுக்கிட்டு வருவ. அப்புறம் யார் தைலம் தேய்க்கிறது? நான்தானே!"

"தேய்ச்சு விடு. ஒரு பொதிதானே."

நூறு கிலோப் பொதி ஒன்றை விரித்தோம். அவன் சூட்டால்தான் குறைந்தது என்றால் நூற்று மூன்றரையைத் தாண்ட வேண்டும். நாலாம் நாள் காலையில் மறுபடியும் தராசில் ஏற்றினோம். நூறு கிலோ இருநூறு கிராம்.

தராசு மேசையில் முழங்கையை ஊன்றி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை எரிந்தது. திருப்பிப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. கொதிநீர் ஊற்றிய கம்பளியை, அது கம்பளமாக இறுகும்வரை நாள் முழுக்க முழங்கையால் அழுத்தி உருட்டினால் உரியத்தானே செய்யும்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. கலிச்சாவின் முற்றம். அவள் மகள் மீரிமின் சீருக்கு ஆறு கம்பளம். எட்டுப் பெண்கள் வரிசையாக மண்டியிட்டு உருட்டினோம்.

"என்னடி இது, ஆட்டு வாடையே காணோம்? உன் ஆடு சோப்பு போட்டா குளிக்குது?" என்று நான்தான் கேட்டேன்.

"சம்பந்தி வீட்டுக்குப் போற ஆடுடி. குளிச்சு, தலை வாரிக்கிட்டுத்தான் போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். சாயங்காலம் ஒரு கம்பளத்தைச் சுருட்டி என் தோளில் வைத்தாள். "இது உனக்கு. நீதான் நல்லா உருட்டின."

கழுவுமிடத்துக்குப் போனேன். தொட்டிகளின் ஆவியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"கலிச்சா, கம்பளம் ஒண்ணு எத்தன கிலோ?"

அவள் சுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"நாப்பத்தாறுன்னு மாத்தி இயல்புலயே சேத்துடு சைரா. இந்தத் தடவ மலை ஆடு, மண் ஜாஸ்தின்னு எழுது. யாரு கேக்கப் போறா?"

"மண்ணுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா எழுதினாலும் எழுதியிருப்பேன். ஏன் ஒரோஸ்பாய்னு சொன்ன?"

"அவனுக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? அவன் போனா யாரு அழப் போறா?"

"சரி. என்னை எதுக்கு உருட்டக் கூப்பிட்ட?"

அவள் கொக்கியால் தொட்டித் தண்ணீரைக் கிளறினாள். அதில் முடியே இல்லை.

"உன் கையும் பட்டுடுச்சுன்னா எழுத மாட்டேன்னு நெனச்சேன்."

இருபத்தாறு வருஷம் ஒரே கிண்ணம். ஒரு நாளாவது வாயைத் திறந்து கேட்டிருந்தால் என் வீட்டுத் தரையில் கிடந்த கம்பளத்தையே உருவிக் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. என்னை அழைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, மண்டியிட வைத்து, சாட்சி சொல்ல முடியாதவளாக்கினாள்.

வீட்டுக்குப் போய் அந்தக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தராசில் ஏற்றினேன். பதின்மூன்றரை கிலோ.

"மீரிமுக்கு இன்னும் மூணு வாரத்துல கல்யாணம், சைரா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"ஒரோஸ்பாய்கிட்ட என்ன சொல்லலாம்னு இருந்தியோ, அதையே சொல்லு."

சிவப்புத் தாளில் எழுதினேன். இழப்பு: எண்பது கிலோ, இயல்புக்கு மேல். காரணம்: கழுவிய கம்பளி ஆலைக்கு வெளியே போனது. பெயர்: கலிச்சா. அடியில் இன்னொரு வரி: திரும்பி வந்தது பதின்மூன்றரை கிலோ, அந்தக் கம்பளத்தை உருட்டியவர்களில் ஒருத்தியான சைராவின் வீட்டிலிருந்து.

ஒரோஸ்பாய் எட்டிப் பார்த்தான். "உங்க பேரை ஏன் அக்கா போட்டீங்க? யாரும் கேக்கலையே."

"கை பட்டுச்சுடா. போ, அந்தப் பொதியைத் திரும்பக் கட்டு."

மதியம் மணி அடித்தது. பழக்கத்தில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிட்டேன்.