இராகு இறங்கியபின்

சப்பாத்துக் கயிற்றை மூன்றாவது முறையாக அவிழ்த்தான் பிருந்தன்.

"என்ன, கால் வளர்ந்திட்டுதோ?" விடுதி வாசலில் நின்று முறைத்தாள் நிருஷா. "வெயில் ஏறுது. கெதியா வாரும்!"

ஈஸ்டர் திங்கட்கிழமை. ஜேர்மனியின் தெற்கே அல்கோய் மலை. மற்றவர்கள் இருட்டோடேயே கிளம்பிப் போயாயிற்று. இரவு உறையும் பனி காலையில் கல். வெயில் பட்டால் கூழ். கூழானால் சரிவு மொத்தமும் கழன்று வரும். மலையேற்றம் பழகிய நிருஷாவுக்கு இதெல்லாம் அத்துப்படி.

பிருந்தனின் காதில் வேறொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. ஹம் நகரிலிருந்து அம்மா புஷ்பராணி போனில் போட்ட உத்தரவு: "நல்ல காரியம் ராசா. இராகு காலம் கழியாமல் வாசல் தாண்டாதை!"

நல்ல காரியம் அவன் சட்டைப்பையில் இருந்தது. குட்டிப் பெட்டி, உள்ளே மோதிரம். உச்சியில் நிற்கும் சிலுவையடியில் வைத்துக் கேட்பதாகத் திட்டம். அவள் ஓமென்பாளா?

கையுறை தொலைந்தது. கிடைத்தது. இன்னொரு கோப்பை தேத்தண்ணீர். ஒருவழியாக இராகு இறங்கினார், இவர்கள் ஏறினார்கள்.

காடு முடிந்த இடத்தில் நிருஷா நின்றாள். எதிரே கிழக்கு பார்த்த சரிவு, முழு வெயிலில். தடியால் குத்தினாள். பிடிவரை இறங்கியது. மேலேயிருந்து கொழுக்கட்டை கொழுக்கட்டையாகப் பனி உருண்டு வந்தது.

"திரும்புவம்."

"ஐயோ, அந்தா சிலுவை தெரியுது!"

"அது நாளைக்கும் நிக்கும். நாங்கள் நிக்கவேணுமே?"

பிருந்தனுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ! விறுவிறுவென்று சரிவுக்குள் இறங்கினான், திரும்பினான், முழங்காலிட்டான். பெட்டியைத் திறந்து மோதிரத்தை எடுத்தான்.

"நிருஷா! நீர் என்னை..."

மேலே சர்ர்ரென்று யாரோ வேட்டி கிழிக்கும் சத்தம்.

"கேள்வியை இஞ்சாலை வந்து கேளும்! ஓடும்!"

ஓட எங்கே ஏலும்? தொடையளவு கூழ். நீந்தினான், உருண்டான். முதுகுப்பை வாரில் ஒரு கை விழுந்தது. அவள்தான்! இழுத்த இழுப்பில் இருவரும் மரங்களுக்குப் பின்னால் போய் விழுந்தார்கள்.

தடதடதட! சரிவு இறங்கிப் போனது. அவன் முழங்காலிட்ட இடமே இல்லை. பெட்டியும் இல்லை. மோதிரம் மட்டும் அவன் பொத்திய கைக்குள்.

"விடியவே ஏன் வெளிக்கிடேல்லை?"

"இராகு காலம்... அம்மா சொன்னவ..."

நிருஷா வாயைப் பொத்தினாள். முடியவில்லை. பனியில் மல்லாந்து விழுந்து சிரித்தாள். "அடப்பாவி! இராகு காலத்திலை வந்திருந்தால் இப்ப சிலுவையடியிலை இருந்து பாண் தின்னுவம்!"

அவனுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப... பதில்?"

அவன் சட்டைப்பையில் போன் அலறியது. அம்மா! அதைப் பிடுங்கினாள் நிருஷா. நேற்றுவரை 'அன்ரி' என்று கூப்பிட்டவள், மோதிரத்துக்காக விரலை அவனிடம் நீட்டியபடியே சொன்னாள்:

"மாமி, முகூர்த்தத்தை விடியவெள்ளன வையுங்கோ. வெயில் ஏற முதல் தாலி ஏறவேணும்!"