அத்தனை பேருக்கும் கேட்டது

…மன்னிப்பா, நான் கேட்க மாட்டேன், வரட்டும், படியேறி வரட்டும், வண்டி கீழே வந்து நின்றாகிவிட்டது, அது அவர் பூட்ஸ் சத்தம்தான், எனக்குத் தெரியாதா, வீட்டில்தான் அவர் மாமனார், இங்கே தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர், நான் நிலையத்து வயர்லெஸ் ரேடியோ முன்னால் உட்காருகிறவள், தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவள். அதற்குள் யார் போட்டுக்கொடுத்தார்களோ, "அப்பாகிட்ட ஒரு ஸாரி சொல்லிடேன்" என்று போன் செய்கிறார் என் வீட்டுக்காரர்… எதற்கு? மரக்கிடங்கு எரிகிறது, உள்ளே கையில் ரேடியோவோடு போன எங்கள் படை ஆள் தச்சர், வெளியே மாமனார், "தண்ணி எங்க, தண்ணி எங்க" என்று மூச்சுவிடாமல் கத்துகிறார், ஒரு கணம் ரேடியோ பட்டனை விட்டபோதுதான் கரகரவென்று தச்சர் குரல் வந்தது, "ஆபத்து, ஆபத்து, ஆபத்து…" மூன்று தடவை அப்படி வந்தால் மற்ற எல்லாரும் நிறுத்த வேண்டும், தலைவரானாலும் சரி, அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தானே, இவர் பட்டனை அழுத்தியிருக்கும்வரை வேறு யார் குரலும் வராதே, உள்ளே ஒரு மனுஷன் புகையில்… மறுபடி விட்டார், நான் புகுந்தேன், "வாயை மூடுங்க மாமா! தச்சரே, எங்க இருக்கீங்க?" மாமா என்று ஏன் வந்ததோ, பதற்றத்தில் வந்துவிட்டது, அத்தனை பேரும் கேட்டார்கள், கேட்கட்டுமே. "படிக்கட்டுக்குக் கீழ… கால் மாட்டிக்கிச்சு…" இழுத்து வெளியே போட்டார்கள், ஆள் பிழைத்தார், போதாதா? என்னை நீக்குவதானால் நீக்கட்டும், அப்போதும் இதைத்தான் சொல்வேன்…

கதவு திறந்தது. முகமெல்லாம் கரி. கத்தவில்லை, எதிரே உட்கார்ந்தார். "தச்சன் எப்பம்மா கூப்பிட்டான்?" "நீங்க தண்ணி கேட்டதுக்கு நடுவுல, மாமா." "என்னது?" திரும்பச் சொன்னேன், அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார்… "டிரைவர் வந்து என் கையைப் புடிச்சப்பதான் நிறுத்துனேன். ஆமா, நீ என்ன சொன்னே? எல்லாரும் சிரிக்கிறானுங்க." அப்படியானால் இவருக்கு எதுவுமே காதில்… கூப்பிட்டால் திரும்பாததை எல்லாம் நான் திமிர் என்றல்லவா நினைத்தேன், எத்தனை நாளாக இப்படி, எத்தனை தீக்கு இப்படிப் போய் நின்றார்? "வாயை மூடுங்கன்னு சொன்னேன் மாமா," என்றேன், நிறுத்தி, தெளிவாக, பயமே இல்லை. புருவம் ஏறியது, பிறகு என்னவோ சிரித்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன், சரி… இனிமேல் நீங்க ரேடியோவைத் தொடக் கூடாது மாமா, இதையும் நான்தான் சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறேன், ஆனால் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார், அது திறக்க மாட்டேன் என்கிறதே…