நான்கு எண்கள் போதும்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து பிறந்தது. பட்டியலை எழுதியது நானல்ல, எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கருப்புப் பெட்டி. இருபத்து மூன்று வரிகள். எல்லாவற்றிலும் ஒரே எண். எல்லாவற்றிலும் காலை பதினொரு மணி, அல்லது இரண்டொரு நிமிடம் முன்பின். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'எடுக்கப்படவில்லை'.

அந்த எண் என் சித்தியுடையது. அம்மாவுக்கு ஒரே தங்கை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'பெட்டியைப் பொருத்த வந்தவன் அவசரக்காரன்.' (அடித்துவிட்டேன். அவன் நிதானமாகத்தான் வேலை செய்தான். கீழே விழுந்த ஆணியைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனான்.)

இரண்டாவது: 'எண்களைச் சொல்லும்போது சித்தியின் எண்ணை நான் மறந்து—' (இதுவும் வேண்டாம். நான் மறக்கவில்லை.)

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குள் பேச்சு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று சுவரைத் துளைத்து வரும் பழைய லேண்ட்லைன். இன்னொன்று இணையம். இரண்டும் அந்தப் பெட்டிக்குள் நுழைகின்றன. எந்த அழைப்பு எந்த வழியில் போகலாம், வரலாம் என்று அது முடிவு செய்கிறது. வெளியூருக்கு நாம் பேசினால் இணையம், உள்ளூர் என்றால் லேண்ட்லைன். வருகிற அழைப்புகளுக்கும் விதி போடலாம். நான் போட்டேன். காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை, நான் சொல்லும் எண்கள் மட்டும் ஹாலில் மணியடிக்கும். மற்றவை ஓர் இணைய எண்ணுக்குத் திருப்பப்படும். அந்த எண்ணில் எந்தக் கருவியும் இல்லை. கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் யாருக்கும் கேட்காது.

"எந்தெந்த நம்பர விடணும், சொல்லுங்க மேடம்" என்றான் பொருத்த வந்தவன்.

டாக்டர் வீடு, என் மகளின் பள்ளி, என் கணவரின் அலுவலகம், என் பதிப்பாளர். நான்கையும் சொன்னேன்.

"சொந்தக்காரங்க யாராச்சும்?"

"நாலு போதும்" என்றேன்.

எழுதுவதற்கு எனக்கு அமைதி தேவைப்பட்டது.* சித்தி கூப்பிட்டால் அம்மா சிரிப்பாள். மெதுவாகச் சிரிக்க அவளுக்கு வராது. எனக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அம்மாவிடம், இனிமேல் போனில் கரகரப்பு இருக்காது என்று மட்டும் சொன்னேன்.

* அந்தக் காலைகளில் நான் எழுதியது பதினோரு பக்கம். ஒரு பக்கத்தையும் வைத்துக்கொள்ளவில்லை.

3

பெட்டி வந்த வாரம் அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். இது என் தப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று தெரியவில்லை.

சண்டை அம்மாவின் கல்யாண போட்டோவைப் பற்றியது. மங்கிப்போன அந்தப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது அம்மாவா, சித்தியா என்று.

"நான் எதுக்குடி கண்ண மூடப் போறேன்? என் கல்யாணத்த நானே பாக்க வேண்டாமா?" என்று போனில் கத்தினாள் அம்மா. "நீதான் தூங்குமூஞ்சி. நின்னுக்கிட்டே தூங்குவ!... என்னது? மாப்பிள்ளையைப் பாத்துப் பயந்து மூடினேனா? ஏய், வாய அளந்து பேசு! ஏய்!... வச்சுட்டா. வச்சுட்டாடி அவ!"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வச்சவதான் கூப்பிடணும்."

அவர்களுக்குள் அது சட்டம். முதலில் போனை வைத்தவள் எவளோ, அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும். தூது கிடையாது. செல்போன் கிடையாது, சித்திக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் எங்கள் வீட்டு எண். கூப்பிட அவளுக்கு ஒரே நேரம்தான் தோதுப்படும். பதினொரு மணிக்குத்தான் மருமகள் வேலைக்குப் போய், பேரன் இன்னும் வராமல், அவள் வீடு காலியாக இருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நாலு நாளில் சமாதானம் ஆகிவிடுவார்கள், அப்போது ஐந்தாவது எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். (சமாதானம் எந்த வழியாக வரும் என்று நான் நினைத்தேன்? இந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைத்தாலும் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் அடைப்புக்குறிக்குள்.)

ஒரு மாதம் வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

4

சித்தியின் மகன் என் செல்லில் கூப்பிட்டான். மருந்துக்கடை வைத்திருப்பவன், சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"அக்கா, அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. பேச்சு மட்டும் வரல. ஆளத் தெரியுது. எத்தன நாளைக்குத் தெரியும்னு டாக்டர் சொல்லமாட்டேங்கிறார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "பெரியம்மாவுக்கு அப்படி என்னக்கா கோவம்? தெனமும் கூப்பிட்டாங்களே, ஒரு தடவகூடவா எடுக்கக் கூடாது?"

அதன் பிறகுதான் பெட்டியின் பட்டியலைத் திறந்தேன்.

அம்மாவிடம் பாதியைச் சொன்னேன். சித்திக்கு முடியவில்லை, உடனே போகலாம் என்று. அம்மா முகத்தில் ஒரு கணம் எல்லாம் கலைந்தது, பிறகு இறுகியது.

"நான் வரல."

"சித்தி கூப்பிட்டிருக்காம்மா. லைன் கெட்டுப் போயிருந்துச்சு."

"கெட்ட லைன்ல டாக்டர் வீட்டுலேருந்து காலைல பத்து மணிக்கு எப்படிக் கூப்பிட்டாங்க? அவளுக்கு நீ வக்காலத்து வாங்காத. பேச்சு வரும்போது பேசாதவ, வராதப்ப என்னத்தப் பேசப் போறா?"

பொய் சொல்வது என் தொழில் என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முக்கியமான நேரத்தில் என் பொய்க்கு அரை நிமிட ஆயுள்தான் இருந்தது. அதோடு, அவள் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணமாகவும் அது ஆகிவிட்டது.

5

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அழுதேன். ஒன்றில் அம்மா என்னை அறைந்தாள்; அது எனக்கு ஆறுதலாக இருந்ததால் கிழித்துவிட்டேன். நடந்தது இதைவிடச் சின்னது.

அம்மா கட்டிலில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். பெட்டி, விதி, நான்கு எண்கள், நான் சொன்ன 'போதும்' என்ற வார்த்தை உட்பட.

அவள் கை நிற்கவில்லை. ஒரு துண்டை மடித்தாள். அதைப் பிரித்து, திரும்ப மடித்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்டிருக்கா?"

"இருபத்து மூணு."

"பதினோரு மணிக்கா?"

"ஆமா."

"நான் போன் பக்கத்துலதான்டி உக்காந்திருந்தேன்."

பையை எடுத்து, மடித்த துண்டுகளில் இரண்டை உள்ளே வைத்தாள்.

6

சித்தி வீட்டு மாடியில் ஒரு நீளமான நடை. அதன் கோடியில் அவள் அறை. கதவுக்கு முன்னால் அம்மா நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். நான் அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"நீ வெளியவே இரு."

"நானும் சித்தியப் பாக்கணும்மா. மன்னிப்பு—"

"அப்புறமா கேளு. இப்ப உள்ள வந்தேன்னா எழுதிடுவ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதை முடிய வேண்டிய இடம் அந்தக் கதவுக்கு அப்பால் இருக்கிறது. எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. சித்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வதாக ஒன்று. அம்மா பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்க, சித்தியின் ஒரு பக்க உதடு சிரிப்பதாக ஒன்று. இது நன்றாக வந்தது, வந்ததாலேயே சந்தேகப்பட்டேன். மூன்றாவதில் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல், போனில்தான் ஏதோ கோளாறு என்று தங்கையிடம் சொல்லி—

இல்லை. மூன்றையும் விட்டுவிட்டேன். இது எளிதாக விட்டுக்கொடுத்ததுபோலத் தெரிய வேண்டாம். என் கால்கள் கதவை நோக்கி ஓரடி எடுத்துவைத்தன. உள்ளே அம்மாவின் குரல் தொடங்கிவிட்டிருந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. இன்னும் ஓரடி போயிருந்தால் பிடிபட்டிருக்கும்.

ஏற்கெனவே ஒரு மாதம் அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே நின்றவள் நான்.

திரும்பி நடந்தேன். நடையைத் தாண்டி, படியிறங்கி, அந்தக் குரல் கேட்காத இடம்வரை போனேன். அம்மா வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அவர்கள் திறப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது.