பாரம் காட்டாத பனி

பனி அப்படியே இருந்தது. அதன் பாரத்தைத்தான் காணவில்லை.

கனடாவில் ஸ்காபரோவுக்கு வடக்கே, ஓர் ஓடையின் தலைப்பகுதியில் யோகராணியின் பனித்தராசு கிடந்தது. நீரியல் ஆய்வாளரான அவளுக்கு அது பெரிய யந்திரமல்ல. கட்டிலளவு தட்டையான ரப்பர் பை. உள்ளே உறையாத திரவம். மேலே பனி அழுத்தினால் பக்கத்துக் கொட்டிலில் ஒரு கண்ணாடிக் குழாயில் திரவம் ஏறும். அந்த உயரம், பனி உருகினால் வரும் தண்ணீரைச் சொல்லும். அதைக் கொண்டுதான் அவளுடைய கணினி வெள்ளத்தைக் கணிக்கும்.

1996 மாசி. விழுந்ததும் கட்டியாகிவிடும் உறைமழை பெய்து, அதன்மேல் பனிப்புயல் கொட்டியது. பிறகு குழாயில் திரவம் பாதியாக இறங்கிவிட்டது. பனி உருகவில்லை, ஓடையும் ஓடவில்லை. நாளை பெருமழையாம், இன்றே அவள் எச்சரிக்கையா இல்லையா என்று சொல்லவேண்டும்.

"வெள்ளம் வராது எண்டு சொல்லிவிடுங்கோவன், தங்கச்சி," என்றார் கொட்டிலில் கருவிகளைப் பார்க்கும் எட்வேட்.

"சொல்லலாம் அண்ணை. பிழைச்சால் முதல் தண்ணி, நீங்களும் செலீன் அக்காவும் நிலத்துக்குக் கீழ குடியிருக்கிற ஓடைக்கரை பேஸ்மென்டுக்குத்தான்."

"அப்ப சொல்லாதேங்கோ!"

வோக்கிடோக்கியும் பனிக்கட்டி அறுக்கும் கைவாளுமாக அவள் வெளியே போனாள். வானமும் நிலமும் ஒரே வெள்ளை. ஒரு காலடித் தடமும் இல்லை. பைக்கு நேர்மேலே ஏறி நின்றாள். காலுக்குக் கீழே ஏதோ வெற்றுப் பெட்டிபோல ஒலித்தது.

"அண்ணை, மேல நிக்கிறன். எவ்வளவு ஏறினது?"

வோக்கிடோக்கியில் எட்வேட்டின் குரல் வந்தது.

"ஏறேல்லை."

அவள் குதித்தாள். "இப்ப?"

"உது அசையேல்லை, பிள்ளை. அங்க ஒருத்தரும் இல்லை எண்டுது." அவர் குரலில் பகிடி இல்லை. "இஞ்சால வந்திடுங்கோ."

யோகராணி தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தாள். அவள் இங்கேதான் நிற்கிறாள். அப்படியானால் அவளைத் தாங்குவது பை அல்ல, வேறொன்று.

ஓரமாக முழந்தாளிட்டுப் புதுப்பனியை வாரினாள். கையளவு தடிப்பில் பனிக்கட்டிப் பலகை. அதன் கீழே இருண்ட இடைவெளி.

பையின் விளிம்பை ஒட்டிச் சுற்றிவர வாளால் அறுத்தாள். பலகை பெருமூச்சுப்போல ஓர் ஒலியுடன் கீழே அமர்ந்தது.

"ஏறுது! ஐயோ, இரட்டிப்பா ஏறுது!" என்று கத்தினார் எட்வேட்.

"வெள்ளம் வரும், அண்ணை. செலீன் அக்காவைச் சாமானோட மேல் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கோ."

உறைமழைப் பலகை, பைக்கு வெளியே உள்ள பனியில் ஊன்றிக்கொண்டு பாலம்போல முழுப் பாரத்தையும் தாங்கியிருந்தது. உறைமழைக்குப் பிறகு விளிம்பைச் சுற்றி அறுத்துவிட்டுத்தான் தராசை வாசிக்க வேண்டும்.