அசையாதே, ராசி

அணியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று பருவங்கள் ஆகிவிட்டன. எல்லோருக்கும் அவன் ‘ராசி’. அவன் வந்து சேர்ந்த முதல் ஆட்டத்தில், அதுவரை போகிற இடமெல்லாம் உதை வாங்கிக்கொண்டிருந்த மாநில அணி எப்படியோ ஜெயித்தது. அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தது. இரண்டிலும் அவன் ஆடவில்லை. ஓய்வறையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், நடுநடுவே மைதானத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனான். மூன்றாவது ஆட்டத்துக்கு அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அணி தோற்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து அவனை யாரும் எழுப்பவும் இல்லை, ஆட இறக்கவும் இல்லை. கோப்பைக்கு மேல் கோப்பை வந்து சேர்ந்தது.

அவன் மாற்று விக்கெட் கீப்பர். நிரந்தரக் கீப்பர் அவனைவிட இரண்டு வயது சின்னவன். தும்மல்கூடப் போடாத உடம்பு.

“ஜெயிக்கிற டீமை யாராவது கலைப்பாங்களாடா?” என்பார் கேப்டன், அவன் தோளில் கை போட்டபடி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். கையை எடுத்த பிறகுதான் பாரம் தெரியும்.

இன்று இறுதிப் போட்டியின் கடைசி நாள். அவனுடைய ஒப்பந்தமும் இன்றோடு முடிகிறது. வழக்கம்போலக் கேப்டன் நாளைக்கே புதியதில் கையெழுத்து வாங்கிவிடுவார். ஆனால் நேற்று, வலைப்பயிற்சியில் அவன் பந்து பிடிப்பதைத் தூணோரம் நின்று வெகுநேரம் பார்த்த ஒருவர், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். பக்கத்து மாநில அணியின் பயிற்சியாளர். தலை முழுக்க வழுக்கை, புருவம் மட்டும் அடர்த்தி.

“எங்க கீப்பருக்கு முழங்கால் போயிடுச்சு தம்பி. வர்ற சீசன் பூரா நீ ஆடலாம். வர்றேன்னு உன் வாயால சொல்லு, போதும்.”

“நாளைக்குச் சொல்றேன் சார்.”

“சரி. நாளைக்கு மத்தியானம் உங்க ரூமுக்குப் பின்னாடி இருக்கிற வராந்தா பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஆட்டம் முடியறவரைக்கும் இருக்க மாட்டேன், கூட்டத்துல மாட்டிக்குவேன். டீ இடைவேளைக்குள்ள வந்து சொல்லு. இல்லேன்னா இன்னொரு பையனை எடுத்துக்குவேன்.”

பேசும்போது அவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

ஏன் அங்கேயே சரி என்று சொல்லவில்லை? இரவு மனைவி தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் வேளை தவறாமல் விழுங்கிவிட வேண்டும் என்ற கட்சி.

“ஃபைனல் நடுவுல போறேன்னு சொன்னா நல்லா இருக்காது” என்றான்.

“யாருக்கு நல்லா இருக்காது? மூணு வருஷமா ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறீங்க. வீட்டுல எனக்கு ஒரு டம்ளர் எடுத்துக் குடுத்ததுண்டா?”

“நீ அவுட்டே ஆக மாட்டியே. எப்பக் குடுக்கிறது?”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்களும் அதை நம்பறீங்களா?” என்றாள்.

அவன் நம்பினான். முழுக்க அல்ல, ஒரு மூலையில். ஆடவே விடாமல் உட்கார வைத்திருப்பவனுக்கு, தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறு என்ன சம்பளம் கிடைத்துவிடும்?

இன்று சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் நொண்டத் தொடங்கியது. ஆறு விக்கெட் விழுந்துவிட்டது. கேப்டனே சொற்ப ஓட்டத்தில் வெளியேறி வந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். களத்தில் நிரந்தரக் கீப்பரும் சுழற்பந்துக்காரனும் மட்டைபிடித்தார்கள். வெற்றிக்கு இன்னும் நூற்றுக்கு மேல் வேண்டும். இவன் பின்கதவு வழியே எட்டிப் பார்த்தான். வராந்தா பெஞ்சில் வழுக்கைத் தலை தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாம் என்று குளியலறைக்குள் போனான். கைபேசிகளை ஆட்ட நாளில் வாங்கிப் பூட்டிவிடுவார்கள், அதனால் எதையும் நேரில்தான் சொல்லியாக வேண்டும். குழாயைத் திறந்தான். வெளியே மட்டை பந்தை அறையும் சத்தமும் கூட்டத்தின் கூச்சலும் கேட்டன. நான்கு. முகத்தில் தண்ணீர் அடித்தான். மறுபடி நான்கு. துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தபோது இன்னொன்று.

“யாரும் அசையாதீங்க!” கேப்டனின் குரல். “இருக்கிற இடத்துலயே இருங்க! ராசி எங்க?”

“பாத்ரூம்ல.”

“அப்ப அங்கயே இருக்கட்டும்! டேய் ராசி, வெளிய வந்துடாத!”

இது அந்த அணியின் எழுதாத சட்டம். ஜோடி நிலைத்துவிட்டால் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். அவன் குப்புறக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தான். மேலே கண்ணாடிச் சட்டங்கள் வைத்த சின்ன ஜன்னல். அதன் வழியே மைதானம் தெரியாது; வண்டி நிறுத்துமிடம் தெரியும். பக்கத்து மாநில அணியின் வெள்ளை வேன் வாதாம் மரத்தடியில் நின்றது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினான்.

“அண்ணா, பின்னாடி ஒருத்தரைப் பாக்கணும். ரெண்டு நிமிஷம்.”

“பார்ட்னர்ஷிப் முடியட்டும்டா.”

“முடிஞ்சா தோத்துடுவோமேண்ணா.”

அறை குலுங்கிச் சிரித்தது. வேகப்பந்துக்காரன் கத்தினான்: “உனக்காவது பைப்புல தண்ணி வருது மச்சான். நான் ஒரு கால்ல ஷூ போட்டேன், இன்னொண்ணு கையில இருக்கு. அப்படியே சிலையாட்டம் உக்காந்திருக்கேன்.”

“என் கை ஐஸ் பைக்குள்ள விறைச்சே போச்சு, யாரு கேக்கறா?” என்றார் மசாஜ் செய்பவர்.

நல்ல மனுஷர்கள். அதுதான் கஷ்டமே. யாராவது ஒருவன் கெட்டவனாக இருந்திருந்தால் இவன் எப்போதோ கதவைத் திறந்துகொண்டு போயிருப்பான்.

அவன் காதால் ஆட்டத்தைப் பார்த்தான். பந்து மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், விளிம்பில் பட்டால் ஒரு சத்தம், கால் காப்பில் பட்டால் தலையணையை அடித்தாற்போல ஒரு சத்தம். நடுவிலேயே பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சின்னவன் பிரமாதமாக ஆடினான். ஒவ்வொரு ஓட்டமும் அணியில் அவனுடைய இடத்தை இன்னும் ஓர் ஆணி அடித்து இறுக்கியது. குளியலறைக்குள் உட்கார்ந்து அதன் சத்தத்தை எண்ண வேண்டியவனாக இவன். ஐம்பது வந்தபோது வெளியே எல்லோரும் உட்கார்ந்தபடியே கைதட்டினார்கள். இவனும் தட்டினான். நான்கு சுவருக்குள் அது யாரோ கன்னத்தில் அறைவது போலக் கேட்டது.

நிழல் மரத்தடியிலிருந்து வேனின் முன் கண்ணாடிக்கு ஏறியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தலையணைச் சத்தம். எதிரணி மொத்தமும் சேர்ந்து அலறியது. மைதானம் மூச்சைப் பிடித்தது. அவன் எழுந்துவிட்டான். கை தாழ்ப்பாளில் இருந்தது. விக்கெட் விழுந்துவிட்டது, ஜோடி பிரிந்துவிட்டது, இனி வெளியே போகலாம். நெஞ்சு குளிர்ந்து விரிந்தது.

“நாட் அவுட்!” என்று அறை கூவியது. “அம்பயர் தங்கம்!”

கழுவுதொட்டிக்கு மேல் கண்ணாடி இருந்தது. அதில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு வாயை விட்டு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தன் அணி தோற்க வேண்டும் என்று அவன் இதுவரை நினைத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தான். இப்போது யோசித்தால், நினைக்காத நாள் எது என்று தெரியவில்லை. சின்னவன் பந்தைத் தவறவிடும்போது இவன் பதறி எழுவானே, அந்தப் பதற்றத்துக்குள் என்ன இருந்தது? தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சின்னவன் விரலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பானே, அது அக்கறையா? மூன்று வருடம் ஒரே இடத்தில் தேங்கினால் தண்ணீரே வேறு நிறமாகிவிடும். மனிதன் எம்மாத்திரம்?

ராசி உடைய வேண்டும். உடைந்தால்தான் விடுவார்கள். ராசியில்லாதவனைக் கட்டிவைத்து யாருக்கு லாபம்?

பந்துவீச்சாளன் ஓடிவரும்போது எழும் முணுமுணுப்புக்காகக் காத்திருந்து, தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தான்.

மட்டை சத்தம் வெடித்தது. பந்து எங்கோ மேலே போயிருக்க வேண்டும். எல்லோருடைய தாடையும் ஒன்றாக உயர்ந்தது. ஆறு. கூரைமேல் விழுந்து உருளும் சத்தம் உள்ளேயே கேட்டது.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். கண்கள் பளபளத்தன. “கதவைத் திறந்தான் பாருடா! திறந்த உடனே சிக்ஸர்! ராசி, அங்கயே நில்லு! வாசல்லயே! உள்ள ஒரு கால், வெளிய ஒரு கால், அப்படியே!”

அவன் அப்படியே நின்றான். திட்டுவார்கள் என்று நினைத்து வந்தவனைக் கொண்டாடினார்கள்.

வாசலுக்குப் பக்கவாட்டில்தான் பின்கதவு. அங்கே நிழல் விழுந்தது. பயிற்சியாளர் கைப்பையோடு நின்றார்.

“டீக்கு நேரமாச்சு. இதுக்கு மேல தாங்காது” என்றார். பிறகு அவன் பெயரைச் சொன்னார். “என்ன, வர்றியா?”

“சார்... ஒரு நிமிஷம். இப்ப நகர முடியாது.”

“கால்ல அடியா?”

“இல்ல சார். பார்ட்னர்ஷிப்.”

அவர் அறையைப் பார்த்தார். கையில் ஷூவோடு ஒருவன், ஐஸ் பையோடு ஒருவர், துண்டுக்குள் கேப்டன். மெல்லச் சிரித்தார். “நானும் ஆடினவன்தான். பாதி பிஸ்கட்டை வாயில வெச்சுக்கிட்டு மெல்லாம உக்காந்திருக்கேன், என் கூட்டாளி செஞ்சுரி போடறவரைக்கும்.” சிரிப்பு நின்றது. “கால் அசையக்கூடாது, சரி. வாய் அசையலாமில்ல?”

இப்போது எல்லோரும் இவன் பக்கம் பார்த்தார்கள். கேப்டன் துண்டை எடுத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தூக்கத்தின் நடுவே, பக்கத்தில் படுத்திருந்த யாரோ எழுந்து போவதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

“எங்கடா போற?” என்றார் சின்னக் குரலில்.

வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அது வெளியே வரும்போது வேறொன்றாகிவிட்டது. “மேட்ச் முடியட்டும் சார்.”

பயிற்சியாளர் தலையசைத்தார். “கீப்பருக்குக் கையைவிடக் கால்தான் முக்கியம் தம்பி. நேத்து உன் கால் அழகா அசைஞ்சுது. அதனாலதான் கேட்டேன்.”

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவன் நின்றான்.

தேநீருக்குச் சற்று முன்னால் சின்னவன் கடைசி ஓட்டத்தை எடுத்தான். ஒரு சத்தத்தில் அறை காலியானது. ஷூ ஒரு பக்கம், ஐஸ் பை ஒரு பக்கம். ஓடுகிற ஓட்டத்தில் கேப்டன் அவன் தோளில் அடித்தார். “உன்னாலதான்டா! எல்லாம் உன்னாலதான்!” அவரும் போய்விட்டார். மைதானத்தில் வாணவேடிக்கை போல ஆரவாரம். கவிழ்ந்த ஐஸ் பையிலிருந்து தண்ணீர் தரையில் ஓடி வந்து அவன் கால்விரலைத் தொட்டது.

அவன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தது தெரியும். எல்லோரும் போய்விட்டது தெரியும். ஆனாலும் எதற்கோ காத்திருந்தான். போகலாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியபோதுதான், எதற்கு என்று அவனுக்கே புரிந்தது.

துடைப்பமும் வாளியுமாகத் துப்புரவு அம்மா உள்ளே வந்தார்.

“கொஞ்சம் நகருங்க தம்பி, துடைக்கணும்.”

அவன் அவரையே பார்த்தான்.

“நகருங்கன்னேன். காது கேக்கலையா?”

“கேட்டுதும்மா” என்றான். காலைத் தூக்கினான். மரத்துப்போயிருந்தது; தரையைத் தொட்டதும் சுரீரென்று ஊசி குத்தியது. மைதானத்துப் படி முன்பக்கம். அவன் பின்கதவு வழியே இறங்கினான்.

வாதாம் மரத்தடியில் வேன் இல்லை. வாயிலைப் பார்த்தான். ஜெயித்த சந்தோஷத்தில் சாலைக்குப் பாய்ந்த கூட்டம் வாயிலை அடைத்துக்கொண்டு ஆடியது. அதன் நடுவே, குளத்துச் சேற்றில் மாட்டிய மாடு மாதிரி, வெள்ளை வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். அணியின் சட்டை போட்டிருந்தும் ஒருவரும் அவனை அடையாளம் காணவில்லை. ஒருவன் கட்டிப்பிடித்து, “எங்க வாங்கினீங்க சட்டை? ஒரிஜினல் மாதிரியே இருக்கு” என்றான்.

கண்ணாடியைத் தட்டினான். அது இறங்கியது.

“வர்றேன் சார்” என்றான்.

பயிற்சியாளர் அவனைப் பார்த்தார். பிறகு கீழே அவன் கால்களைப் பார்த்தார். நீல நிற ரப்பர் செருப்பு.

“செருப்பு யாரோடது?”

“பாத்ரூமோடது சார்.”

அவர் கதவைத் திறந்துவிட்டார். அவன் ஏறி உட்கார்ந்தான். கதவு மூடியது. வேன் நகரவில்லை. “ஒருத்தனும் நகர மாட்டேங்கிறான் சார்” என்று ஓட்டுநர் அலுத்துக்கொண்டார்.

மைதானத்து ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல், மூச்சிரைக்க: “போட்டோவுக்கு எல்லாரும் வந்தாச்சா? எங்கடா நம்ம ராசி? ராசி எங்க?”

கூட்டம் காரணம் தெரியாமலே ஆர்ப்பரித்தது. அவன் தலை தானாகவே பாதி திரும்பியது. பிறகு குனிந்து, ஈரச் செருப்புக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான்.