கட்டம் போட்ட சுத்தியல்

என் சகலைக்கு அந்தச் சுத்தியல் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூடத் தப்பு. நான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை அவர் எடுத்துக்கொண்டார்.

இழுத்து மூடப்போகிற இரும்புச் சாமான் கடை அது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். மரச்சட்டம் அடித்து வீடு எழுப்புகிற தொழில் எங்களுக்கு. பழைய பூட்டு, கீல் எல்லாம் கொட்டிக் கிடந்த பெட்டிக்குள் அது இருந்தது. நீளமான பிடி, ஆணி பிடுங்க நேரான கொம்பு, ஆணித் தலையில் வழுக்காமல் இருக்க முகத்தில் கட்டம் கட்டமாக வரி. சட்டம் அடிப்பதற்கென்றே செய்த அசல் சாமான். தூக்கிப் பார்த்ததும் தோள்வரைக்கும் சுகமாக இருந்தது. விலைச் சீட்டைப் பார்த்தேன். வெளியில் விற்கிற விலையில் கால்வாசிகூட இல்லை. இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்றது என் மூளை. அந்த மூளையை நம்பிக் கீழே வைத்தேன். திரும்புவதற்குள் சகலை கல்லாவில் நின்றுகொண்டிருந்தார்.

வில்லங்கம் ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து, நான் நான்கு அடியில் இறக்குகிற ஆணியை அவர் இரண்டே அடியில் இறக்கினார். நீளச் சட்டம் என்றால் ஆளுக்கொரு முனையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து சந்திப்பது எங்கள் பழக்கம். ஒன்பது வருஷமாக அந்தச் சந்திப்பு நடுவில்தான் நடந்தது. இப்போது அது நாளுக்கு நாள் என் பக்கமாக நகர்ந்து வந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி அவளுடைய அக்காளிடம் போனில் பேசிவிட்டு வந்து, மாமா கண்ணுக்கு மட்டும் நல்ல சாமான் எப்படித்தான் படுகிறதோ என்றாள். முதலில் பட்டது என் கண்ணில்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், பிறகு ஏன் வாங்கவில்லை என்று கேட்பாள்.

வெறும் சுத்தியல் விவகாரம் என்றால் வயிறு எரிந்து தானே அணைந்திருக்கும். அடுத்துக் கட்டப்போகிற வீட்டில் கூரைச் சட்டம் ஏற்றுகிற ஆட்களுக்கு எங்களில் ஒருவரைத் தலைவராகப் போடப்போவதாகவும், சனிக்கிழமை சாயங்காலம் சொல்வதாகவும் மேஸ்திரி அறிவித்திருந்தார். எனக்கு அது வேண்டும். இத்தனை வருஷம் யாருக்கோ கீழே நின்று மரம் தூக்கிக் கொடுத்தே தோள் தேய்ந்தவன் நான். மேஸ்திரியோ வாயைத் திறந்தால் சகலையின் வேகத்தைப் பற்றித்தான் பேசினார்.

சனிக்கிழமை காலையில் சகலை வாசல் நிலையைப் பொருத்தினார். இழைத்து மெருகேற்றிய விலையுயர்ந்த மரம். அதில் நான்கு ஆணிகளைப் பாதி மட்டும் இறக்கிவிட்டு மற்ற எல்லோரோடும் சாப்பிடப் போனார். நான் மட்டும் பின்தங்கினேன். மீதியை வந்து, வழவழ முகமுள்ள சின்னச் சுத்தியலால் பதமாக இறக்குவார். புதுச் சுத்தியல் சன்னல் சட்டத்தில் தொங்கியது.

அடுத்தவர் சாமானைக் கேட்காமல் தொட்டால் அன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவார் மேஸ்திரி. தெரிந்தேதான் எடுத்தேன். ஒரு துண்டுக் கட்டையில் ஓர் ஆணி அடித்தேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இது என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது என்ற நினைப்பு தலைக்கேறியது. எதிரே நான்கு ஆணிகள் பாதியில் நின்றன. நான்கையும் ஆசை தீர அடித்தேன். அதன் முகத்தில் வரி இருப்பது எங்கள் தொழிலில் யாருக்கும் மறக்காது. எனக்கு மறந்துபோனது.

குனிந்து பார்த்தேன். மெருகேற்றிய மரத்தில் நான்கு இடங்களில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. தேய்த்தாலும் போகாத ஆழம். சுத்தியலை எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் திரும்பியதும் மேஸ்திரி நிலையைத் தடவிப் பார்த்தார். அந்த மாதிரிச் சுத்தியல் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. யார் அடித்தது என்று அவர் கேட்டது ஒப்புக்குத்தான். சகலை குனிந்து அந்தத் தழும்புகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஆணிப் பைக்குள் எதையோ தேடினேன்.

"நான்தாங்க. அவசரத்துல சுத்தியல மாத்தி எடுத்துட்டேன்" என்றார்.

மேஸ்திரி போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். வாசல் நிலைக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனை எப்படிக் கூரைக்கு அனுப்புவது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சாயங்காலம் என்னைத் தலைவர் என்றார். அன்று என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவே போன் செய்து வாழ்த்தினார் என்றாள்.

திங்கட்கிழமை நான் மேலே, அவர் கீழே. மரம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் பெரிய ஆணிக்கு நான் கை ஓங்கும்போது ஏணியில் ஏறி வந்தார். பிடி என் பக்கமாக இருக்கும்படி சுத்தியலை நீட்டினார்.

"பெரிய ஆணி தம்பி. உன்னோடது தாங்காது. இத நீயே வச்சுக்க" என்றார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வாசல் நிலைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாத" என்றார்.

அவர் முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். இந்த மனுஷனால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை பிடியைப் பற்றியிருந்தது.