கசந்தால் போதும்

என் கணவர் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுக்கிற வைத்தியர். மேட்டுச் சரிவில் நிலவேம்பு தானாக முளைத்துக் கிடந்தவரை அந்தப் பெயருக்குத் தகுதியாகத்தான் இருந்தார். வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே சரிவு மொட்டையானது. பிறகு அவர் கண் கறிக்கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்குப் போனது. எங்கிருந்தோ வந்து ஊரையே வளைத்துப் போட்ட பார்த்தீனியம் அங்கே இடுப்பளவு நிற்கிறது.

"ரெண்டும் கசப்புதான். குடிக்கிறவனுக்குக் கசந்தா போதும்," என்றார். "நிலவேம்புக்கு எங்க போறது? சத்தியமா ஒரு குச்சிகூட இல்ல."

இடிப்பது நான். செடியில் ஒட்டிய கொழுப்பையும் மயிரையும் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். தூள் பட்டுப் பட்டு என் கையெல்லாம் கொப்புளம், நீர் வடிகிறது. குமட்டிக்கொண்டு வரும். "பழகிடும்" என்பார் மனுஷன், நான் போட்ட சோற்றை வழித்துத் தின்றுகொண்டே.

அன்று காலை வாசலில் நல்ல கூட்டம். வரிசையில் என் தங்கை, தோளில் காய்ச்சலில் துவண்டு கிடக்கும் மகள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். அவர் தலை நிமிராமல் மொண்டு நீட்டிய டம்ளரைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோய்விட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

அவர் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கூட்டத்துல மூஞ்சியப் பாக்கல. உன் தங்கச்சின்னு சொல்லக்கூடாதா? அவங்களுக்கு வேற இருக்கே."

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே சுத்தமான நிலவேம்பு, கட்டுக் கட்டாக.

"நம்ம ஆளுங்களுக்குன்னு ஒதுக்கி வச்சது."

வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அந்த ஆள் பக்கத்தில் நிற்கவே உடம்பு கூசியது.

வெளியே வந்து தங்கையிடம், "பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ," என்றேன்.

"ஏன்க்கா, மாமாவே குடுத்தாரே..."

"கிளம்புடி!"

பின்னாலேயே வந்தவரிடம் அதே டம்ளரை நீட்டினேன். "ஏங்க, ராத்திரி உங்களுக்கும் லேசா உடம்பு சுட்டுச்சே. ஒரு வாய் குடிங்க."

வரிசையே பார்த்தது. வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். சிரிக்கப் பார்த்தார். டம்ளர் அங்கேயே நின்றது.

முன்னால் நின்ற பெரியவர் தன் டம்ளரைத் தரையில் வைத்தார். அடுத்தவரும் வைத்தார்.

இடிப்பதற்காகக் காயவைத்த பார்த்தீனியக் கட்டு முற்றத்தில் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.